இருட்டில் இரண்டு அடி

காலை பதினொன்று பத்துக்குப் படம். பதினொன்று ஒன்பதுக்கு அவள் தியேட்டர் வாசலில் ஏறினாள். படம் பார்க்க அல்ல, மழைக்கு ஒதுங்க.

"வாசல்ல நிக்கக் கூடாதும்மா" என்றார் டிக்கெட் கிழிப்பவர்.

"டிக்கெட் எடுத்தா நிக்கலாமா?"

"உக்காரவே செய்யலாம்."

புதன்கிழமைகளில் அவளுக்கு மதியம் வரை விடுப்பு. மற்ற நாளெல்லாம் பிசியோதெரபி கிளினிக்கில் யாருடைய முழங்காலையாவது மடக்கி நீட்டிக்கொண்டிருப்பாள். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி கேட்டாள்.

"என்ன படம்?"

"தொலைஞ்ச சாமான் படம். சண்டை கிடையாது, பாட்டு கிடையாது."

"நல்லா இருக்குமா?"

அவர் மனசாட்சி உள்ள மனிதர். சற்று யோசித்தார். "நேத்து ஏழு பேர் வந்தாங்க. ஒருத்தர் சிரிச்சார். மீதி ஆறு பேரும் அவர் ஏன் சிரிக்கிறாருன்னு திரும்பிப் பாத்தாங்க."

அவள் டிக்கெட் எடுத்தாள்.

சின்ன அரங்கு. அறுபது இருக்கைகளில் ஐந்தில் தலை தெரிந்தது. ஈரச் சுடிதாரோடு நடு வரிசையில் உட்கார்ந்தாள். தூங்கிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

படத்தில் ஒரு பேருந்து நிலையம். அங்கே தொலைந்த பொருள்களை வைத்திருக்கும் அறை. அதில் ஒரு பெண். வந்து சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் சீட்டு எழுதிக் கட்டுகிறாள். ஒற்றைக் கையுறை ஒன்றில் 'இடது. வலதைத் தேடுகிறது' என்று எழுதியிருக்கிறாள். ஒரு நாள் ஒருவன் வந்து குடையைத் தொலைத்துவிட்டேன் என்கிறான். அவள் பதினொரு குடைகளை எடுத்து வைக்கிறாள். அவன் பதினொன்றையும் விரித்துப் பார்த்து இல்லை என்கிறான். பதினொன்றாவது குடை மட்டும் மடங்க மறுக்கிறது. இருவரும் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். மறுநாள் அவன் சாப்பாட்டு டப்பாவைத் தேடி வருகிறான். அதற்கு மறுநாள் ஒரு சதுரங்கக் குதிரை. ஒன்பதாம் நாள் ஒரு கடிதம்.

"எப்போ எழுதின கடிதம்?" என்கிறாள் அவள்.

"இன்னும் எழுதல."

யாருக்கும் அவசரமில்லை. மின்விசிறி சுற்றுகிறது, பேருந்து உறுமுகிறது, அவள் தும்முகிறாள், அவன் அதற்கு மன்னிப்புக் கேட்கிறான். நடு வரிசையில் இருந்தவளுக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் இரண்டு வரிசை பின்னால் பென்சில் கீறும் சத்தம் கேட்டது.

ஒன்று மட்டும் உறுத்தியது. அந்தப் பெண்ணின் நடை.

கடைசிக் காட்சி வந்தது. "நான் எதையும் தொலைக்கல" என்கிறான் அவன். "சும்மா வந்தேன். தினமும் சும்மாதான் வந்தேன்." அந்தப் பெண் மேசையின் மடக்குப் பலகையைத் தூக்கி வழி செய்துகொண்டு படத்தில் முதன்முறையாக வெளியே வருகிறாள். அவனை நோக்கி நடக்கிறாள். இரண்டு அடி தூரத்தில் நிற்கிறாள். திரை இருட்டுகிறது.

"இதுக்குத்தானா இவ்வளவு நேரம்..." என்று ஒருவர் செருப்பைத் தேடினார்.

அவள் அசையவில்லை. இருட்டில் அவளுக்கு ஒன்று கேட்டது. இரண்டு மெல்லிய காலடிகள். அப்புறம்தான் எழுத்துகள் ஓடத் தொடங்கின.

வெளியே மழை விட்டபாடில்லை.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்றார் டிக்கெட் கிழிப்பவர்.

"எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆனா அந்தப் பொண்ணுக்கு வலது கணுக்கால்ல நல்லா அடிபட்டிருக்கு. ஒருத்தருமா கவனிக்கல?"

"கதைல அப்படி ஒண்ணும் இல்லையே" என்றது பின்னால் ஒரு குரல்.

திரும்பினாள். ஒல்லியாக, உயரமாக ஒருவன். சட்டைப்பையில் பென்சில். கலைந்த தலை. கண்கள் மட்டும் அமைதியாக, எதையோ காதால் பார்ப்பதுபோல...

"கதைல இல்ல. நடையில இருக்கு. இடது கால் டக்குனு விழுது. வலது காலுக்குக் குதிகால் சத்தமே இல்ல. தரையில மெதுவா வச்சு உடனே எடுத்துடறா. வலிக்கிறவங்க அப்படித்தான் நடப்பாங்க."

"திரையில நேராத்தானே நடக்கறா?"

"அதான் எனக்கும் புரியல. கண்ணுக்கு நேரா நடக்கறா, காதுக்கு விந்தி விந்தி நடக்கறா. இன்னொண்ணு, அந்தப் பொண்ணு அம்பது கிலோகூட இருக்க மாட்டா. நடக்கறது எழுபது கிலோ."

அவன் முகத்தில் ரத்தம் ஏறியது. "நீங்க சினிமா விமர்சகரா?"

"பிசியோதெரபிஸ்ட்."

"ஓ... அப்ப சரி. வரேன்" என்று அவசரமாகப் படியிறங்கினான்.

எட்டுப் படிகள். நான்காவது படியிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இடது கால் டக். வலதில் குதிகால் இல்லை.

"நில்லுங்க" என்றாள். "அந்தப் பொண்ணு நீங்கதானே?"

டிக்கெட் கிழிப்பவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவன் படியில் நின்றான். ஓட முடியாது. மழையும் கணுக்காலும் விடாது.

தியேட்டர் வராந்தாவில் ஒரு மரப்பெஞ்சு. அதில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டான். படத்துக்கான காலடிச் சத்தம், கதவுச் சத்தம், குடை விரியும் சத்தமெல்லாம் அவன் வேலை. திரையில் யார் நடந்தாலும், படம் பிடித்த பிறகு அறையில் மைக் வைத்து அவன்தான் நடப்பான்.

"பொண்ணு நடந்தாலுமா?"

"லேடீஸ் செருப்பு போட்டுக்கிட்டு. என் சைஸுக்குக் கிடைக்கிறதுதான் கஷ்டம்."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"நடக்கறதுக்கு முந்தின நாள் ஏணியிலேருந்து விழுந்துட்டேன். தேதி நெருங்கிடுச்சு. கட்டுப் போட்டுக்கிட்டு நடந்தேன். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். ரெண்டு மாசமாத் தெரியவும் இல்ல."

"ரெண்டு மாசமா இந்தக் காலோடவா சுத்தறீங்க? நல்ல ஆளு. அந்தப் பென்சில் எதுக்கு?"

"எந்த இடத்துல சிரிக்கறாங்கன்னு குறிப்பேன். நீங்க பதினாலு தடவை சிரிச்சீங்க. நேத்து ஏழு பேரும் சேர்ந்து மூணு."

"இருட்டானதுக்கு அப்புறம் ரெண்டு அடி வருதே, அதைக் கேட்டப்போதான் எனக்கு... என்னன்னு சொல்லத் தெரியல."

அவன் அவளைப் பார்த்தான். அதுவரை மழையைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான் போல. இப்போதுதான் கண்கள் வந்து சேர்ந்தன.

"அது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"இதுவரைக்கும் யாருக்குமே கேக்கல" என்றான் மெதுவாக.

அவள் தன் கிளினிக் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். "திங்கக்கிழமை வாங்க. கணுக்காலுக்குத்தான்" என்றாள், யாரும் கேட்காமலே.

திங்களும் வியாழனும் வந்தான்.

கிளினிக் மாடியில் இருந்தது. பதினான்கு படிகள். ஆறாவது படியில் அவன்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எட்டாவது படியில் துண்டை மடித்து வைப்பாள். பத்தாவது படியில் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குவாள். வரவேற்பு மேசை அக்கா அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஊசி விழுந்தாலும் கண்ணில் படும்.

"மத்த பேஷண்டுக்கெல்லாம் முடி மறைச்சா பரவாயில்லையா?"

"அக்கா, போன் அடிக்குது பாருங்க."

"அடிக்கல."

உள்ளே தடித்த பஞ்சு மெத்தையின் மேல் அவன் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்.

"கண்ணை மூடுங்க."

"விழுந்தா?"

"பிடிப்பேன்."

"அப்ப விழலாமா?"

"விழுந்தா முதல்லேருந்து எண்ணணும்."

விழுந்தான். அவள் பிடித்தாள். முழங்கைக்கு மேலே, மூன்று விரல்கள். கிளினிக்கில் ஒரு நாளைக்கு இருபது பேரின் கையைப் பிடிக்கிறவள் அவள். அன்று மட்டும் அந்த மூன்று விரல்களை மதியம் வரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கேட்கும்போது அவன் கண்கள் எதையும் பார்ப்பதில்லை. ஜன்னல் கம்பியில் மழை சொட்டினால் அங்கே போய்விடுவான். ரப்பர் பட்டை இழுபடும் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொள்வான், "தவளைக்கு ஆகும்" என்பான். அவள் பேசும்போது மட்டும் நேராகப் பார்ப்பான். மூன்றாவது வாரத்தில் அவள் இதைக் கவனித்தாள். அன்று தேவைக்கு மேல் பேசினாள்.

சங்கடம் ஒன்று இருந்தது. கால் குணமாகிக்கொண்டிருந்தது. வலது குதிகால் படியில் அழுந்தத் தொடங்கியிருந்தது. ஆறாவது படியில் தெரிந்தவன் ஒன்பதாவதில்தான் தெரிந்தான். அவள் கையாலேயே அவள் அந்த நடையை அழித்துக்கொண்டிருந்தாள். அது முழுக்க அழிந்தால் அவன் வர ஒரு காரணமும் இருக்காது.

நான்காம் வியாழன், படியில் இரண்டு பேர் நடை கேட்டது. ஒன்று அவனுடையது. இன்னொன்று பெண் நடை. வேகமாக, குதிகால் ஊன்றி, அவனோடு பேசிக்கொண்டே ஏறும் நடை. அவள் துண்டை மடிக்கவில்லை. முடியை ஒதுக்கவில்லை.

"எங்க அக்கா" என்றான் அவன். "படம் எடுத்தது இவங்கதான்."

அவள் கை தானாகத் தலைமுடிக்குப் போனது. சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"நீங்களா? எனக்கு உங்க முடிவு அவ்வளவு பிடிச்சது. அவ வருவாளா மாட்டாளான்னு தவிக்கும்போது, இருட்டுல அந்த ரெண்டு அடி..."

அவன் தலையை லேசாக ஆட்டினான். அவள் அதைப் பார்க்கத் தாமதமாகிவிட்டது.

"எந்த ரெண்டு அடி?" என்றாள் அவன் அக்கா.

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா?"

"ரொம்ப மெதுவாத்தான் வச்சேன்க்கா."

"மெதுவா வச்சா திருட்டு இல்லையா? வந்தாளா இல்லையான்னு பாக்கறவங்க வீட்டுக்குப் போய் யோசிக்கட்டும்னு நாலு வருஷமா நான் மண்டையை உடைச்சு வச்ச முடிவுடா. ராத்திரியோட ராத்திரியா நீயே அவளை நடக்க வச்சுட்டியா? படம் யாருது?"

"உன்னோடதுதான்."

"கால் யாருது?"

அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. மெத்தையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. "இன்னிக்கு வேணாங்க" என்று இறங்கிப் போனான். அக்கா ஒரு நிமிடம் நின்றாள். "மன்னிச்சுக்கோங்க. உங்க இடத்துல வந்து கத்திட்டேன்" என்று அவளும் போனாள்.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. ஒரு செய்தி வந்தது. 'கால் சரியாகிவிட்டது. மிக்க நன்றி.'

மிக்க நன்றியாம். பல்லைக் கடித்துக்கொண்டு பதில் எழுதினாள். 'இன்னும் இரண்டு வாரப் பயிற்சி இருக்கிறது.' அழித்தாள். 'ரகசியம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே.' அதையும் அழித்தாள். கடைசியில் 'சரி' என்று அனுப்பினாள். தேவைப்பட்டவன் வரட்டும். படி அங்கேயேதான் இருக்கிறது.

பத்து நாள் படி அங்கேயேதான் இருந்தது.

"யார் ஏறி வந்தாலும் தலையைத் தூக்கற" என்றாள் வரவேற்பு அக்கா. "கழுத்துக்குப் பயிற்சியா?"

அவள் துண்டுகளை மடித்தாள். மடித்த துண்டுகளையே மடித்தாள்.

"அந்தப் படம் இன்னிக்கோட கடைசியாம்" என்றாள் அக்கா, சுவரிடம் சொல்வதுபோல. "பதினொன்னு பத்து. உன் பேஷண்ட் ரெண்டு பேரையும் மதியத்துக்கு மாத்திட்டேன்."

டிக்கெட் கிழிப்பவர் அவளைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். "எங்கம்மா போனே? இப்பப் பாரு கூட்டத்தை. ஒருத்தர் போய் நாலு பேர்கிட்ட சொல்லியிருக்காங்க. நானே ரெண்டு தடவை பாத்துட்டேன். அந்தக் குடை இருக்கே..." என்று சொல்லும்போதே சிரித்தார்.

உண்மைதான். பாதி அரங்கு நிறைந்திருந்தது. பதினொன்றாவது குடைக்கு எல்லோரும் சிரித்தார்கள். 'இன்னும் எழுதல' என்றதும் முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவன் தோளில் சாய்ந்தாள். பெரிதாக ஒன்றும் நடக்காத படம். ஆனால் அதைப் பார்க்கிறவர்களுக்குள் என்னவோ நடந்தது. பின்னால் பென்சில் சத்தம் மட்டும் இல்லை.

அந்தப் பெண் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தாள். நடந்தாள். நின்றாள். இருட்டு.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

எழுத்துகள் ஓடத் தொடங்கின. காலடி இல்லை.

"எடுத்துட்டேன்" என்றது பக்கத்து இருக்கை. அவனுடைய அக்கா. எப்போது வந்து உட்கார்ந்தாளோ. "எப்படி இருக்கு?"

அவள் கோபமாகத் திரும்பினாள். "அவ இன்னும் அங்கேயே நிக்கறா. வலிக்கிற காலோட."

அக்கா திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கும் அப்படித்தான் தோணுது. இருந்த வரைக்கும் அது எனக்குத் தெரியல. எடுத்ததுக்கு அப்புறம் அது இல்லாம இருக்க முடியல." அப்புறம் பெருமூச்சு விட்டாள். "அவனுக்கு உங்க மேல கோபம் ஒண்ணும் இல்ல. நான் திட்டினதுக்குக்கூட வருத்தம் இல்ல. சின்ன வயசுலேருந்து வாங்கறான். உங்க எதிர்ல வாங்கினதுதான் தாங்கல. வீட்டுல மாடிப்படியில நடந்து நடந்து பாக்கறான்."

"எதுக்கு?"

"விந்தல் போயிடுச்சேன்னு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது.

"இன்னும் நிறைய ஊர்ல படம் போடப் போறாங்க" என்றாள் அக்கா. "நீங்க அந்த விந்தலைக் கண்டுபிடிச்சதை அவன் சொன்னதுலேருந்து எனக்கு வேற ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது. அந்தப் பொண்ணோட நடை முழுக்கப் புதுசாப் பதியணும். அவன் நடந்தா எழுபது கிலோன்னு சொன்னீங்களாமே. நீங்க எவ்வளவு?"

"அம்பத்திரண்டு."

"சனிக்கிழமை காலையில வாங்க."

"எனக்கு நடிக்கத் தெரியாதுங்க."

"நடக்கத் தெரியுமில்ல?"

ஒலிப்பதிவு அறை ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. தரையில் கட்டம் கட்டமாகச் சிமெண்டு, ஓடு, மரப்பலகை, ஒரு தட்டு நிறைய ஜல்லி. சுவர் இல்லாமல் ஒரு கதவு மட்டும் தனியாக நின்றது. அலமாரியில் நாற்பது ஜோடிச் செருப்புகள். ஒரு ஜோடி, மிகப் பெரிய லேடீஸ் செருப்பு. அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ மாடிப்படி ஏறி வந்தார்கள். சீரான, சாதாரண நடை. அவள் தலையைத் தூக்கவில்லை.

"அது... என்னோடது" என்றான் அவன்.

தூக்கிவாரிப் போட்டது. முதல் தடவையாக அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கால் நல்லாயிடுச்சு" என்றாள்.

"ம். எல்லார் மாதிரியும் ஆயிடுச்சு."

"இனிமே உங்களைத் தெரிஞ்சுக்கணும்னா பாக்கத்தான் வேணும்."

அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தான். போகும்போது கதவில் இடித்துக்கொண்டான்.

காலை முழுக்க நடந்தாள். முழங்கால் உயரத்தில் மைக். எதிரே திரையில் அந்தப் பெண். அவள் நடந்தால் இவளும் நடக்க வேண்டும், நின்றால் நிற்க வேண்டும். முதல் அரை மணி நேரம் இவள் அடி பிந்தியது. பிறகு அந்தப் பெண் எப்போது திரும்புவாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது. முதுகும் அவள் தொழில்தான். அக்கா நோட்டுப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்து "சரி... சரி... இன்னொரு தடவை" என்றாள்.

கடைசிக் காட்சிக்கு முன் அக்கா எழுந்தாள்.

"நான் டீ குடிக்கப் போறேன்."

"கடைசி சீன்க்கா. நீ இல்லாம எப்படி?" என்றது ஒலிபெருக்கியில் அவன் குரல்.

"இருட்டுக்கு முன்னாடி வரைக்கும் என் படம். எல்லாம் சொல்லிட்டேன். இருட்டுக்கு அப்புறம் என்ன வேணும்னாலும் நடக்கட்டும். இந்தத் தடவை எனக்குத் தெரிஞ்சே நடக்கட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அவன் விளக்கை அணைத்தான். திரை மட்டும் வெளிச்சம். 'நான் எதையும் தொலைக்கல' என்றான் அந்த மனிதன். மேசைப் பலகை உயர்ந்தது. அவள் நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... வலியில்லாத, ஐம்பத்திரண்டு கிலோ நடை. ஏழாவது அடியில் நின்றாள். திரை இருண்டது.

இருட்டில் கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம். சீரான நடை. சிமெண்டு, ஓடு, மரப்பலகை. நின்றது.

"நீங்க அங்க இருக்கணும்" என்றாள் அவள்.

"இயந்திரம் தானா ஓடும்."

வெளியே மழை பிடித்திருக்கலாம். இந்த அறைக்குள் மழை கேட்காது. அவன் மூச்சு கேட்டது.

"ரெண்டு தடவை உங்க படி வரைக்கும் வந்தேன்" என்றான். "கால் வலிக்குதுன்னு சொல்லலாம்னு. பொய் சொன்னா நடையிலேயே கண்டுபிடிச்சுடுவீங்கன்னு திரும்பிட்டேன்."

அவள் அவன் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"எனக்கு இப்போ எங்கயுமே வலிக்கல" என்றான். "காலு, கையி, எதுவும். எந்தக் காரணமும் இல்ல. திங்கக்கிழமை சும்மா வரணும். வியாழக்கிழமையும். மத்த நாளும். உங்களைப் பாக்கறதுக்கு மட்டும். எனக்கு உங்களை அவ்வளவு பிடிச்சிருக்கு."

அவள் இதயம் அடித்துக்கொண்டது முழங்கால் உயர மைக்குக்குக் கேட்டிருக்கும்.

"எனக்கும்தான்" என்றாள். "அந்தப் பத்து நாளும் ஒவ்வொரு படியா எண்ணிக்கிட்டு இருந்தேன்."

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைத் தூக்கித் தடுத்தாள். அந்த இருட்டில் அது அவனுக்குத் தெரிந்ததோ இல்லையோ.

"மைக் ஓடுது... இன்னும் ரெண்டு அடி பாக்கி இருக்கு. நீங்க நடக்கறீங்களா, நான் நடக்கட்டுமா?"